தடியனை இறக்குவது யார்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் இறக்கவில்லை.

ரிமோட் விமானத்தை ஏற்றினேன், வானத்தில் எட்டுப் போட்டேன், தலைகீழாகக்கூட ஒரு சுற்று வந்தேன். இறக்குகிற நேரம் வந்ததும் பின்னாலிருந்து என் கணவரின் அதே குரல்: "கொடு கொடு கொடு." ரிமோட் கைமாறிவிட்டது. இவர் அலுங்காமல் குலுங்காமல் இறக்கினார். சுற்றி நின்றவர்கள் இவருக்குக் கை தட்டினார்கள்.

இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் இவரோடு மைதானத்துக்குப் போகிறேன். விமானத்தை மேலே அனுப்பத் தெரியும், திரும்பக் கூட்டி வரத் தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது. தெரியுமா தெரியாதா என்று பார்க்கவே இதுவரை விட்டதில்லை.

இத்தனைக்கும் நான் பிழைப்புக்கு என்ன செய்கிறேன்? டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் காலுக்குக் கீழே இரண்டாவது பிரேக் இருக்கிறது. அதை மிதிப்பதற்கு இல்லை, மிதிக்காமல் பொறுத்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊரில் உள்ளவர்களை எல்லாம் தனியாக ஓட்ட விடுகிறவளுக்கு வீட்டில் இந்தக் கதி.

திரும்பி வரும்போது காரில் சொல்லிவிட்டேன். "நான் ஒரு ஜெட் வாங்கப் போறேன். எனக்குன்னு."

"ஜெட்டா? இதையே நீ இன்னும் இறக்கலையே."

"நீங்க விட்டாத்தானே."



மார்ச் 5, செவ்வாய்

மகள் காலேஜிலிருந்து வந்ததும் விசாரணை. எங்கள் வீட்டு நீதிபதி அவள்தான்.

"ஜெட்னா உள்ள நெருப்பு எரியுமா?"

இல்லை. வயிற்றுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு மின்விசிறி, விசிறிக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு பேட்டரி. முன்னால் காற்றை உறிஞ்சிப் பின்னால் தள்ளும். மூக்கில் எதுவும் சுழலாது. அதனால் பார்ப்பதற்கு நிஜ ஜெட் மாதிரியே போகும்.

"அப்ப ஹேர் டிரையர்."

பறக்கிற ஹேர் டிரையர் என்று ஒத்துக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம் பறக்கும்?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

நாலு நிமிடமும் என்னுடையது, கடைசி நிமிடம் உட்பட. அதைச் சொன்னால் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிடுவாள். சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

ரிமோட் விமானம் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரரை மைதானத்தில் எல்லோரும் 'விசில்' என்பார்கள். அங்கே பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது அவர்தான். யாராவது எல்லையைத் தாண்டிப் பறக்கவிட்டால் ஊதிவிடுவார். கழுத்தில் விசில் இல்லாமல் கல்லாவில் பார்க்கும்போது யாரோ போல இருந்தார்.

மூன்று ஜெட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

முதலாவது சாம்பல் நிறப் போர் விமானம். இரட்டை வால், மடங்கி உள்ளே போகிற சக்கரம், ஊசி மூக்கு. பார்த்தவுடனே மனசு பறிபோய்விட்டது. இவருக்கும்தான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

இரண்டாவது ஒரு குட்டி. சக்கரமே கிடையாது. கையால் எறிந்து ஏற்ற வேண்டும், வயிற்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும். "மலிவு, உடையாது. ஆனா தனியா வேண்டாம், எறியறதுக்கு இன்னொருத்தர் இருந்தா நல்லது" என்றார் விசில். இன்னொருத்தர் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? குட்டியை அந்த நிமிடமே கழித்துவிட்டேன்.

மூன்றாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். வெள்ளை உடம்பு, ஆரஞ்சு வயிறு, கட்டை இறக்கை, அதுவும் தலையணை மாதிரி தடிமன். கீழே மடங்காத குண்டுச் சக்கரங்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறவன் மாதிரி இருந்தது. தடியன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"அழகா இல்லதான். ஆனா இறக்கை தடியா இருந்தா மெதுவாப் போனாலும் விழாது. நம்ம மைதானம் புல்லு. மடங்குற சக்கரம் புல்லுல ரொம்ப நாள் தாங்காது" என்றார் விசில்.

"சாம்பல்தான் ஜெட். இது பஸ்" என்றார் இவர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மனசு முழுக்கச் சாம்பல்தான்.

மார்ச் 10, ஞாயிறு

மைதானத்தில் பல் டாக்டர் தன் சாம்பல் ஜெட்டைக் கொண்டு வந்திருந்தார். நேற்றுக் கடையில் பார்த்த அதே ஜாதி. இவர் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறார்; பாதி வேலை இந்த டாக்டரிடமிருந்துதான் வருகிறது. அதனால் டாக்டர் எது செய்தாலும் இவர் கண்ணுக்கு நன்றாகத்தான் படும்.

ஜெட் சீறிக்கொண்டு ஏறியது. உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வானம் மூடிக் கிடந்தது. இரண்டாவது சுற்றில் டாக்டர் கேட்டார்: "வருதா போகுதா?"

யாருக்கும் தெரியவில்லை. சாம்பல் மேகத்தில் சாம்பல் ஜெட். வருகிறது என்று நினைத்துத் திருப்பினார், அது போய்க்கொண்டிருந்தது. கோடியில் மரங்களுக்குள் ஒரு சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் ஓட்டினீங்க டாக்டர், காத்துதான் சரியில்ல" என்றார் இவர்.

காற்று பாவம், தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது.

துண்டுகளைப் பொறுக்கப் போனபோது டாக்டர் என்னிடம் சொன்னார். "அழகைப் பாத்து வாங்காதீங்க மேடம். கண்ணுக்குத் தெரியுதான்னு பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, புரொபெல்லர் மாதிரி குச்சியைத் தள்ளின உடனே இது வேகம் எடுக்காது. விசிறி சுத்தி வர ஒரு மூச்சு நேரம் ஆகும். மாட்டிக்கிட்ட அப்புறம் தள்ளினா பிரயோஜனம் இல்ல, முன்னாடியே தள்ளணும்."

இதைத்தானே நான் தினமும் வண்டியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

தடியனா, சாம்பலா? யோசித்துக்கொண்டே இருந்ததில் இன்று ஒரு மாணவி நடைபாதை மேல் ஏற்றிவிட்டாள். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. பொறுமை என்று நினைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.

மார்ச் 16, சனி

தடியன். சொல்லிவிட்டேன், பணமும் கட்டிவிட்டேன்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "போயும் போயும் பஸ்ஸா?"

"பஸ்ஸோ லாரியோ, எனக்குத் தெரியணும். முதுகு வெள்ளை, வயிறு ஆரஞ்சு. எந்தப் பக்கம் எதுன்னு யாரையும் கேக்க வேண்டாம்."

கூடவே ஒரு ரிமோட்டும் சொல்லியிருக்கிறேன், எனக்கே எனக்கென்று. அது கடையில் இல்லை, வெளியிலிருந்து வர வேண்டும். ஸ்கூல் ஆபீஸ் விலாசம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் பெட்டியைப் பிரிப்பது யார், முதலில் தொட்டுப் பார்ப்பது யார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 26, செவ்வாய்

ரிமோட் வந்துவிட்டது. புது பிளாஸ்டிக் வாசனை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு, வயரைச் சொருகி, மதிய இடைவேளையில் பறக்கவிட ஆரம்பித்தேன். திரையில் ஜெட், விழுந்தால் ஒரு பட்டன், மறுபடி முளைத்துவிடும்.

ஒரு விஷயம். இவருடைய ரிமோட்டில் வேகம் கூட்டுகிற த்ராட்டில் குச்சி இடது கையில். இதில் வலது கையில் இருக்கிறது. மூக்கைத் தூக்கி இறக்குவது இடது கைக்கு வந்துவிட்டது. ஜெட் ரிமோட் இப்படித்தான் போலிருக்கிறது. ஒரு வண்டியில் இண்டிகேட்டர் இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம். அதற்காக யாராவது ஓட்டாமல் இருக்கிறோமா? மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

இவரிடம் கேட்கலாம். கேட்டால் "கொடு பார்ப்போம்" என்பார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மதியம் முழுக்க விழுந்தேன். பட்டன் தேய்ந்துவிடும்.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்று திரையில் அடுத்தடுத்து இறக்கினேன். நடுவில் ஒன்று குதித்தது, மற்றதெல்லாம் பூ மாதிரி. எது எந்தக் கை என்று இப்போது யோசிப்பதே இல்லை. வலது கை தானாகத் தள்ளுகிறது, இடது கை தானாக இழுக்கிறது. ஆபீஸ் கிளார்க் எட்டிப் பார்த்து, "யாருக்கு லைசென்ஸ்?" என்றார். எனக்கு என்றேன்.

வீட்டில் இவர் தடியனை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பஸ் என்றவர், அந்தப் பஸ்ஸின் இறக்கைக்குப் பசை தடவுவதைப் பார்க்க வேண்டும். ராஜாவுக்குப் பல் கட்டுகிற மாதிரி.

ஏப்ரல் 20, சனி

மண்டை காய்கிறது. எழுதினால்தான் ஆறும்.

தடியன் தயார். ரிமோட்டோடு இணைக்க வேண்டும், கொண்டு வா என்றார். கொண்டு வந்தேன். கையில் வாங்கினார், குச்சியைத் தள்ளினார், முகம் மாறிவிட்டது.

"இது தப்பு. த்ராட்டில் வலது பக்கம் இருக்கு. மாத்தி அனுப்பிட்டானுங்க."

"ஜெட்டுக்கு அப்படித்தான்னு நினைச்சேன்."

"யார் சொன்னா? ரெண்டு விதம் உண்டு. சில ஊர்ல இப்படிப் பழகுவாங்க. நம்ம மைதானத்துல எல்லாருக்கும் இடது பக்கம்தான்." சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்தார். "கவலைப்படாத, பின் மூடியைக் கழட்டி ஸ்பிரிங்கை மாத்திப் போட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் தப்பான வண்டியிலா படித்தேன்? மாற்றட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

"நில்லுங்க. இது இப்படியே இருந்தா உங்களால ஓட்ட முடியாதா?"

"எப்படி முடியும்? எல்லாமே கை மாறி இருக்கு. தொட்டா தரையிலதான் போய்க் குத்தும்."

"அப்ப மாத்த வேண்டாம்."

இவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "மாத்தலைன்னா நான் எப்படிப் பிடிக்கிறது?"

"பிடிக்க வேண்டாம்."

"விழுந்தா?"

"விழட்டும்."

"ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ஒட்டினது நான்."

"ஒட்டினதுக்காக நீங்களே ஓட்டிடுவீங்களா? பல் செட் பண்றீங்களே, நீங்களா போட்டுக்கிட்டு மெல்றீங்க?"

மகள் சிரித்துவிட்டாள். அது தப்பாகிவிட்டது. திருப்புளியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் சொன்னது அதிகப்படிதான். ஆனா பொய்யா? ரெண்டு வருஷம், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விட்டிருந்தா நான் ஏன் இப்படிப் பேசப் போறேன்?

ஏப்ரல் 21, ஞாயிறு

மைதானத்துக்குப் போகவில்லை. இரண்டு பேரும். மழையில்லாத நாளில் இப்படி வீட்டில் உட்கார்ந்தது இதுவே முதல் முறை. இவர் வீட்டிலிருந்த கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். இப்போது எந்தக் கதவை யார் சாத்தினாலும் கேட்பதில்லை. கோபத்தைக் காட்டக்கூட வழியில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

வேலையிலிருந்து வந்தேன். மேஜையில் நாங்கள் எப்போதும் பறக்கவிடுகிற பழைய விமானம். என் ரிமோட்டோடு இணைத்து வைத்திருக்கிறார். குச்சிகளை அசைத்துப் பார்த்தேன். வலது கையில் வேகம். மாற்றவில்லை.

 டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார். வாரம் முழுக்கப் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

விசிலிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "ஆபத்துன்னா கை கொடுக்க இங்க ஆளே இல்லையேம்மா. முதல்ல பழைய விமானத்தை இந்த ரிமோட்ல மூணு தடவை இறக்கிக் காட்டு. அப்புறம்தான் ஜெட்."

நியாயம்தான். லைசென்ஸ் கொடுக்கிறவர் அப்படித்தான் கேட்பார்.

இவர் கார் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை.  ஏற்றினேன், ஒரு சுற்று வந்தேன், காற்றுக்கு எதிராகத் திருப்பினேன். பின்னாலிருந்து குரல் வரும், வரும் என்று முதுகு காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. சக்கரம் தொட்டது, குதித்தது, மறுபடி தொட்டது, நின்றது.

நான் இறக்கினேன். நான்தான். இரண்டாவது கொஞ்சம் கோணல். மூன்றாவதைப் பார்த்து விசிலே விசிலடித்தார். அதைக் கேட்டு வேறு ஒருவர் பயந்து தன் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது காரில் இவராகவே ஆரம்பித்தார்.

"விமானம் போனாப் போகுது, இன்னொண்ணு ஒட்டலாம். எனக்கு அது இல்ல பயம்."

"பின்ன?"

"விழுந்து நொறுங்கினா, 'எனக்கு இது வராது, நீங்களே போங்க'ன்னு நின்னுடுவியோன்னு. நீ வர்றதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் நான் தனியாப் போய்ட்டு வந்திருக்கேன். உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். ரோட்டைப் பார்த்தபடி சொன்னார், ஓட்டிக்கொண்டிருந்தது நான் என்றாலும். கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "விழுந்தாலும் வருவேன்" என்றேன். "உங்க டீ பிளாஸ்க்கை வேற யார் தூக்குறது?"

மே 4, சனி

இன்று இவர் சுருக்கமாகப் பாடம் எடுத்தார். பேட்டரியை ஒரு விரல் முன்னே தள்ளி வைத்தால்தான் மூக்கு கனமாக இருக்கும், வால் கனத்தால் சொன்ன பேச்சு கேட்காது. புல் வெட்டிய தூசி கிடந்தால் விசிறி உள்ளே இழுத்துவிடும், அதனால் ஓடுபாதையை ஒரு தரம் பெருக்க வேண்டும். வேகத்தை ஒரேயடியாகக் குறைக்காதே.

"நாளைக்கு நான் பின்னால நிக்கலாமா?"

"நிக்கலாம். வேற யாராவது குறுக்க பறக்கவிட்டா சொல்லுங்க. அது மட்டும்தான்."

"அது மட்டும்தான்" என்று திருப்பிச் சொன்னார். என் மாணவர்கள்கூட இவ்வளவு பணிவாகச் சொல்வதில்லை.

மே 5, ஞாயிறு

காலையிலேயே வெயில், வானம் நீலம். மகளும் கூட வந்திருந்தாள். இவர் விளக்குமாற்றால் ஓடுபாதையைப் பெருக்கினார். பல் டாக்டர், "வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டார். முதல் தடவையாக டாக்டர் பேச்சைக் காதில் வாங்காமல் இவர் பெருக்கிக்கொண்டே போனார்.

தடியனை வைத்தேன். வலது கட்டைவிரல் தள்ளியது. முதலில் ஒன்றுமில்லை, ஒரு மூச்சு நேரம், அப்புறம் அந்தச் சத்தம். புல்லில் தள்ளாடி ஓடினான், ஓடினான், போதாது போலிருக்கிறதே என்று நினைக்கும்போது எழுந்துவிட்டான்.

எவ்வளவு வேகம். பஸ் என்று யார் சொன்னது? திரும்பும்போது ஆரஞ்சு வயிறு பளிச்சென்று தெரிந்தது. வருகிறானா போகிறானா என்று ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று அப்புறம் மகள் சொன்னாள்.

டைமர் கூவியது. இறக்க வேண்டும்.

முதல் முறை உயரமாக வந்துவிட்டேன். ஓடுபாதை பாதிக்கு மேல் போய்விட்டது, இன்னும் தலை உயரத்தில் இருக்கிறான். அழுத்தினால் மூக்கால் குத்துவான். முன்னாடியே தள்ளணும் — தள்ளினேன். விசிறி யோசித்தது. ஒரு மூச்சு நேரம். அப்புறம் சீறி மேலே போனான். பின்னால் ஒரு சத்தம்கூட இல்லை. இருக்கிறாரா போய்விட்டாரா என்று திரும்பிப் பார்க்கக்கூட முடியாது.

இன்னொரு சுற்று. இந்தத் தடவை தள்ளியிருந்து தாழ வந்தேன், வேகத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே. புல்லுக்கு மேல் மிதந்தான், மிதந்தான், உட்கார்ந்தான். ஓடுபாதை முடிந்து புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றான். முன் சக்கரம் வளைந்துவிட்டது. அவ்வளவுதான் சேதம்.

திரும்பினேன். இவர் புல்லில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் தொடைக்குக் கீழே, அதன் மேல் இவர்.

"ரெண்டாவது தடவை வந்தப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார்.

"காவலுக்கு நிக்கிற ஆள் கண்ணை மூடலாமா?"

"கையைக் கட்டிப்போட்டது மட்டும் போதலையே."

கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். இவர் உள்ளங்கை முழுக்கப் புல்லின் தடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, எல்லோரும் தடியனைப் பார்க்க ஓடியிருந்தார்கள்.

மே 7, செவ்வாய்

முன் சக்கரத்தை நிமிர்த்தியாயிற்று. ஆபீஸ் கிளார்க்கிடம் பாஸ் என்று சொன்னேன்.

மே 22, புதன்

இவர் என் ரிமோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கை மாற்றிப் பழகுகிறாராம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "சே" என்று கேட்கிறது. மகள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

"ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார் இவர். கேட்டுக்கொண்டுதான் வாங்கினார்.

என் ரிமோட், என் தடியன், எல்லாம் கை மாறி இருக்கிறது. ஏற்றிவிட்டார். நான் பின்னால் நின்றேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடி யோசித்து, தப்பான கையை அசைத்து, திருத்தினார். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு உயிர் போனது. வண்டியில் நாள் முழுக்க இதைத்தானே செய்கிறேன்? ஆனால் அங்கே பக்கத்தில் இருப்பது யாரோ.

இறக்க வந்தார். இறக்கை ஆடியது. என் வலது கை தானாக முன்னால் நீண்டுவிட்டது. இவர் பார்க்கவில்லை. 'கொடுங்க' என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். கண்ணை மட்டும் மூடவில்லை.

இறக்கிவிட்டார்.